டூ டோன் ஸ்கா: ஒரே ஒரு ஆல்பம் வாங்குவதென்றால் எதை வாங்குவது?

ஸ்கா இசைக்குள் நுழைய நினைக்கிறவர்கள் பெரும்பாலும் படங்களைப் பார்த்துத்தான் வருகிறார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், ஒல்லியான டை, விளிம்பு குறுகிய தொப்பி, கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து துள்ளும் மேடை. அதெல்லாம் 1979இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் ஸ்பெஷல்ஸ் குழுவின் ஜெர்ரி டாமர்ஸ் தொடங்கிய டூ டோன் என்ற சிறிய இசை நிறுவனத்தோடு ஒட்டிக்கொண்ட அடையாளங்கள். அந்த அலையிலிருந்து எட்டே மாதத்துக்குள் நான்கு குழுக்களின் முதல் ஆல்பங்கள் வந்தன. 1979 அக்டோபரில் ஸ்பெஷல்ஸும் மேட்னஸும், 1980 பிப்ரவரியில் செலக்டர், மே மாதத்தில் தி பீட். நான்கையும் பல வருடங்களாகத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். ஒன்றை மட்டும் வாங்கப் போகிறேன், எது என்று யாராவது கேட்டால் என் பதில் என்ன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஸ்கா என்றால் காதில் என்ன கேட்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டுக்குக் கையால் தாளம் போட்டுப் பாருங்கள். கை தொடையில் விழுகிற இடத்தை டிரம்ஸும் பேஸும் பார்த்துக்கொள்ளும். கை மேலே எழுகிற இடத்தில் கிட்டாரோ பியானோவோ 'சக்' என்று வெட்டி நிற்கும். அந்த வெட்டு பாட்டு முழுக்க ஓயாது. உட்கார்ந்து கேட்டாலும் தோள்கள் தாமாக ஆட ஆரம்பிப்பது இதனால்தான். ஐம்பதுகளில் அமெரிக்காவின் தெற்கு வானொலி நிலையங்களிலிருந்து ஜமைக்காவுக்குக் காற்றில் வந்த ரிதம் அண்ட் ப்ளூஸை அந்தத் தீவின் இசைஞர்கள் வாசித்துப் பார்த்தார்கள். எழும் தட்டில் அழுத்தம் கூடிக்கூடி அது வேறொன்றாக ஆகிவிட்டது. ஜமைக்கா சுதந்திரம் பெற்ற 1962இல் தலைநகர் கிங்ஸ்டன் முழுக்க இதுதான் ஓடியது. 1964இல் உருவாகி அடுத்த ஆண்டே கலைந்த ஸ்கேட்டலைட்ஸ் குழுவில் டான் டிரம்மண்ட், டாமி மெக்குக், லெஸ்டர் ஸ்டெர்லிங் என்று பலரும் கிங்ஸ்டனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆல்ஃபா ஆண்கள் பள்ளியில் இசை கற்றவர்கள். ஏழைப் பிள்ளைகள் கையில் டிராம்போனும் டிரம்பெட்டும் கிடைத்த இடம் அது. ஸ்காவின் ஊதுகருவி மரபு பெருமளவு அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கடன்பட்டது.

1966 வாக்கில் வேகம் குறைந்து ராக்ஸ்டெடி வந்தது. 1968இல் ரெகே. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'ஸ்கா மறுமலர்ச்சி' என்று எல்லோரும் சொன்னாலும் டூ டோன் குழுக்கள் எடுத்து வாசித்த பழைய பாடல்களில் பல ஸ்காவே கிடையாது. ராக்ஸ்டெடியும் ஆரம்பகால ரெகேயும் நிறைய. 'மங்கி மேன்' 1969ஆம் ஆண்டு ரெகே. அதை ஸ்பெஷல்ஸ் எடுத்து, பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் இசை கேட்டு வளர்ந்த கால்களோடு ஓட விட்டார்கள். ஆகவே நான்கு ஆல்பங்களையும் ஒப்பிடும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: யாரிடமிருந்து எதை எடுத்தார்கள், எடுத்ததை என்ன செய்தார்கள்? வேகம், உடை, ஆட்டம் எல்லாம் நான்கிலும் இருக்கிறது. முன்னோரோடு அவர்கள் வைத்துக்கொண்ட உறவுதான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

அந்த முன்னோர்களில் ஒரு பெயரைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். செசில் கேம்ப்பெல் என்கிற பிரின்ஸ் பஸ்டர். கிங்ஸ்டன் தெருக்களில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி இசைத்தட்டு சுழற்றி நடனம் நடத்திய 'சவுண்ட் சிஸ்டம்' உலகத்திலிருந்து வந்தவர். நான்கு குழுக்களில் மூன்று தங்கள் தொடக்கத்திலேயே அவருக்குக் கடன்பட்டவை. ஸ்பெஷல்ஸின் முதல் சிங்கிளான (பக்கத்துக்கு ஒரு பாட்டாக வரும் சிறிய இசைத்தட்டு) 'கேங்ஸ்டர்ஸ்' அவருடைய 'அல் கபோன்' பாட்டின் மேல் கட்டப்பட்டது, தொடக்கத்தில் கார் டயர் கிரீச்சிடும் சத்தம் உட்பட. மேட்னஸ் தன் பெயரையே அவர் பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. தி பீட் தன் ஆல்பத்தில் அவருடைய பாடல்களைப் பாடியது. டூ டோனைப் பற்றிப் பேசுகிறவர்கள் டாமர்ஸின் பெயரைச் சொல்லும் அளவுக்கு இவர் பெயரைச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

முதலில் ஸ்பெஷல்ஸ். குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆல்பம். பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோ தயாரித்தார். தயாரிப்பாளராக அவர் செய்த மிக நல்ல காரியம், அதிகம் ஒன்றும் செய்யாமல் விட்டது. மேடையில் எப்படிக் கேட்குமோ கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அட்டையில் கோவென்ட்ரி கால்வாய்த் துறையில் நின்று அத்தனை பேரும் மேலே அண்ணாந்து பார்க்கிறார்கள். கார்த் தொழிற்சாலைகளால் வாழ்ந்து, அந்தத் தொழில் சரியத் தொடங்கியதும் வேலையில்லாமல் நின்ற ஊர் அது. லின்வல் கோல்டிங், நெவில் ஸ்டேபிள் இருவரும் ஜமைக்காவில் பிறந்து சிறுவயதில் இங்கிலாந்துக்கு வந்தவர்கள். ராடி ரேடியேஷனின் கிட்டார் ராக் அண்ட் ரோலும் பங்கும். டெர்ரி ஹால் சிரிக்காத முகத்தோடு நின்று தட்டையான குரலில் பாடுவார். அந்தக் குரலில் உள்ள சலிப்புதான் இந்த ஆல்பத்தின் நிறம்.

முதல் பாட்டு 'எ மெசேஜ் டு யூ, ரூடி'. 1967இல் டேண்டி லிவிங்ஸ்டன் பாடியது. கிங்ஸ்டன் தெருக்களில் வம்பு செய்து திரிந்த 'ரூட் பாய்' இளைஞனைப் பார்த்து, திருந்திக்கொள் என்று சொல்லும் பாட்டு. இதில் ஊதும் டிராம்போன் ரிக்கோ ரொட்ரிகெஸுடையது. ஆல்ஃபா பள்ளியில் படித்தவர், 1961இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர். 1967ஆம் ஆண்டு மூலத்திலும் ஊதியது அதே ரிக்கோதான். பன்னிரண்டு வருடம் கழித்து, தன் பிள்ளைகள் வயதில் இருக்கும் பையன்களோடு அதே மெட்டை அதே மனிதர் மீண்டும் ஊதுகிறார். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். முதலாவதில் தாளம் தளர்ந்து நடக்கிறது, இரண்டாவதில் டிரம்ஸ் நிமிர்ந்து நிற்கிறது. டிராம்போன் மட்டும் அவசரப்படவே இல்லை. எனக்குத் தெரிந்து இந்த அலை முழுவதிலும் இதைவிட மனதைத் தொடும் அரை நிமிடம் கிடையாது.

ஸ்பெஷல்ஸ் பழைய பாட்டை அப்படியே வாசிப்பதோடு நிற்கவில்லை. பழைய பாட்டோடு வாதாடினார்கள். லாயிட் சார்மர்ஸின் 'பர்த் கன்ட்ரோல்' என்ற கொச்சையான பாட்டின் மேல் டாமர்ஸ் 'டூ மச் டூ யங்' என்று எழுதினார்; அதன் மேடைப் பதிவு 1980 தொடக்கத்தில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பிரின்ஸ் பஸ்டரின் 'ஜட்ஜ் டிரெட்' நீதிமன்றக் காட்சி 'ஸ்டூப்பிட் மேரேஜ்' பாட்டில் வேறு வழக்கோடு திரும்பி வருகிறது. 'டஸன்ட் மேக் இட் ஆல்ரைட்' நிறவெறி வன்முறையை நேராக முகத்துக்கு நேர் பார்க்கிறது. அந்த நாட்களில் நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சியின் வெறியர்கள் இசை நிகழ்ச்சிகளுக்கே வந்து கலவரம் செய்வார்கள். அவர்களுக்கு முன்னாலேயே நின்று இதைப் பாடினார்கள்.

ஆனால் இந்த ஆல்பத்தை யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க என்னால் முடியவில்லை. 'லிட்டில் பிட்ச்' போன்ற பாட்டில் பெண்களைப் பற்றிப் பேசும் தொனி கசப்பானது. 'டூ மச் டூ யங்' பாட்டிலும் இளம்வயதுத் தாய்தான் திட்டு வாங்குகிறாள், காரணமானவன் கண்ணிலேயே படுவதில்லை. இனவெறிக்கு எதிராக இவ்வளவு துல்லியமாகக் கேட்ட காதுகள் இதைக் கேட்காமல் விட்டது எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.

வாங்குகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். 'கேங்ஸ்டர்ஸ்' பிரிட்டிஷ் முதல் பதிப்பில் கிடையாது, அமெரிக்கப் பதிப்பில் உண்டு. 'கோஸ்ட் டவுன்' எந்தப் பதிப்பிலும் இருக்காது. அது 1981இல் தனி சிங்கிளாக வந்து, பிரிட்டன் நகரங்கள் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த ஜூலை மாதத்தில் முதலிடத்தில் இருந்தது. அந்தப் பாட்டுக்காகவே ஸ்பெஷல்ஸிடம் வருகிறவர்கள் முதல் ஆல்பத்தை வாங்கி ஏமாற வேண்டாம்.

மேட்னஸின் 'ஒன் ஸ்டெப் பியாண்ட்' பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். வட லண்டனின் கேம்டன் பகுதிப் பையன்கள் ஏழு பேர், எல்லோரும் வெள்ளையர்கள். டூ டோனில் ஒரே ஒரு சிங்கிள் போட்டார்கள்: 'தி பிரின்ஸ்', பிரின்ஸ் பஸ்டருக்கு எழுதிய வாழ்த்துப் பாட்டு. மறுபக்கத்தில் அவருடைய 'மேட்னஸ்'. டூ டோனின் ஒப்பந்தமுறை குழுக்களைக் கட்டிப்போடாது என்பதால் அடுத்து ஸ்டிஃப் நிறுவனத்துக்குப் போய்விட்டார்கள். ஆல்பத்தின் தலைப்புப் பாட்டும் பஸ்டருடையதுதான். சைகோவ்ஸ்கியின் 'ஸ்வான் லேக்' மெட்டைக்கூட ஸ்காவில் ஓட்டியிருக்கிறார்கள். கேட்கக் கேட்க முகம் மலரும். ஆனால் மைக் பார்சனின் பியானோவைக் கவனித்தால், அதன் வேர் கிங்ஸ்டனைவிட லண்டன் மதுக்கடைப் பாட்டிலும், கிங்க்ஸ் என்ற லண்டன் ராக் குழுவிலும், பாடகர் இயன் டியூரியிலும் ஆழமாக இருப்பது தெரிந்துவிடும். 'மை கேர்ள்' பாட்டில் பேசுகிற பையன் பக்கத்து வீட்டு லண்டன்காரன். ஸ்கா அவர்கள் ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் சைக்கிள், பிறகு வேறு வண்டிக்கு மாறிவிட்டார்கள். நான்கில் மிகச் சிறந்த பாப் பாடல்களை எழுதியவர்கள் இவர்கள்தான் என்று தயங்காமல் சொல்வேன். அந்தப் பாடல்களில் பெரும்பாலானவை பின்னால் வந்தவை. ஸ்காவைத் தெரிந்துகொள்ள வருகிறவருக்கு இது முதல் ஆல்பமாக வேண்டாம்.

செலக்டரின் கதை விநோதமானது. முதலில் பாட்டு இருந்தது, குழு பிறகுதான் வந்தது. 'கேங்ஸ்டர்ஸ்' சிங்கிளின் மறுபக்கத்துக்கு இன்னொரு பாட்டைப் பதிவு செய்யக் காசில்லாதபோது, நியோல் டேவிஸ் முன்பே பதிவுசெய்து வைத்திருந்த ஒரு வாத்திய இசையை 'தி செலக்டர்' என்று பெயரிட்டுப் போட்டார்கள். சவுண்ட் சிஸ்டத்தில் அடுத்து எந்தத் தட்டு சுழல வேண்டும் என்று தேர்ந்தெடுப்பவருக்குப் பெயர் செலக்டர். சிங்கிள் வெற்றி பெற்றதும் டேவிஸ் அவசரமாக ஒரு குழுவைத் திரட்டினார். ஏழு பேரில் ஆறு பேர் கறுப்பர்கள், டேவிஸ் மட்டும் வெள்ளையர். பாட வந்தவர் பாலின் பிளாக், அப்போது கோவென்ட்ரி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தவர். ஆண்கள் நிறைந்த இந்த அலையில் கோட்டும் தொப்பியும் போட்டு முன்னால் வந்து நின்ற பெண். பெண்களே சேர்ந்து நடத்திய பாடிஸ்னாச்சர்ஸ் இரண்டு சிங்கிளோடு கலைந்துவிட்டது, அவர்களிடம் ஆல்பம் இல்லை. அதனால் அந்தக் காலத்துப் பெண்குரலை ஒரு முழு ஆல்பமாகக் கேட்க வேண்டுமென்றால் 'டூ மச் பிரஷர்' ஒன்றுதான் வழி.

இவர்கள் பழைய பாடல்களைத் தேர்ந்தெடுத்த விதத்தில் ஒரு நேர்மை தெரிகிறது. ஜஸ்டின் ஹைண்ட்ஸின் 'கேரி கோ பிரிங் கம்' அசல் கிங்ஸ்டன் ஸ்கா. தலைப்பே ஜமைக்கப் பேச்சுவழக்கு, இங்கே சொன்னதை அங்கே போய்ச் சொல்லும் கோள்மூட்டியைக் குறிப்பது. பயனியர்ஸின் 'டைம் ஹார்ட்' விலைவாசிப் புலம்பல். இரண்டையும் கோவென்ட்ரியின் கறுப்பு இளைஞர்கள் 1980இல் பாடும்போது பழையதை நினைத்து ஏங்கும் தொனியே இல்லை, வீட்டில் கேட்டு வளர்ந்ததை வெளியே கொண்டுவந்த தொனி இருக்கிறது. தலைப்புப் பாட்டை மேடையில் பாடும்போது குழுவினர் ஒருவரோடொருவர் பொய்ச் சண்டை போடுவார்கள். ஆல்பத்தின் ஒலியில் அந்தப் படபடப்பு முழுதாக இறங்கவில்லை என்பதுதான் என் குறை. ஒலிப்பதிவு கொஞ்சம் மெலிந்து கேட்கிறது. இன்னொரு இழப்பு: அவர்களுடைய மிகச் சிறந்த பாட்டான 'ஆன் மை ரேடியோ' பிரிட்டிஷ் முதல் பதிப்பில் இல்லை. பாலினின் குரல் திடீரென்று மேல் ஸ்தாயிக்குத் தாவும் பாட்டு. அதில் ஒரு பகுதி ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது. மிஸ்ர சாபு போட்டுப் பழகியவர்கள் கையைத் தட்டிப் பார்த்தால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். நாட்டியக்கூடத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் அந்த இடத்தில் கால் இடறாமல் எப்படித் தப்பினார்களோ!

கடைசியாக வந்தது பர்மிங்காம் குழுவான தி பீட், 'ஐ ஜஸ்ட் கான்ட் ஸ்டாப் இட்'. டூ டோனில் இவர்களும் ஒரே சிங்கிள்தான். ஸ்மோக்கி ராபின்சனின் 'டியர்ஸ் ஆஃப் எ க்ளவுன்' பாட்டை எடுத்துப் பாடினார்கள். அதாவது இவர்கள் கை நீட்டியது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் சோல் இசை வரை. பிறகு கோ ஃபீட் என்று சொந்த நிறுவனம் வைத்துக்கொண்டார்கள். டேவ் வேக்லிங் பாடகர். டிரம்ஸ் வாசித்த எவரெட் மார்ட்டன் கரீபியனின் செயின்ட் கிட்ஸ் தீவில் பிறந்தவர். ரேங்கிங் ரோஜருக்கு அப்போது பதினேழு வயது இருக்கும், பங்க் குழுவில் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்த கறுப்புச் சிறுவன். இசையின் மேல் தாளத்தோடு பேசிக்கொண்டே போகும் ஜமைக்க 'டோஸ்டிங்' முறையில் நாக்கைச் சுழற்றுவார். அவருக்குப் பக்கத்தில் சாக்ஸபோனோடு லயனல் மார்ட்டின் என்கிற சாக்ஸா. 1930இல் ஜமைக்காவில் பிறந்தவர். ஐம்பது வயதை எட்டியவர். பிரின்ஸ் பஸ்டர், லாரல் எய்ட்கென், டெஸ்மண்ட் டெக்கர் ஆகியோரோடு வாசித்த மனிதர், இப்போது இந்தப் பையன்களின் நடுவே நிரந்தர உறுப்பினர்.

மற்ற குழுக்களிலிருந்து பீட்டைப் பிரிப்பது இதுதான். ஸ்பெஷல்ஸுக்கு ரிக்கோ விருந்தாளியாக வந்து போனார். பீட்டில் மூத்தவர் வீட்டோடு இருந்தார். 'ரஃப் ரைடர்', 'ஒயின் அண்ட் கிரைண்ட்' இரண்டும் பிரின்ஸ் பஸ்டர் பாடல்கள். பஸ்டருக்கே வாசித்த மூச்சுதான் பீட்டின் பதிவிலும் ஊதுகிறது. அந்த 'ஒயின் அண்ட் கிரைண்ட்' பாதியில் திரும்பி 'ஸ்டாண்ட் டவுன் மார்கரெட்' ஆகிறது. காமக் களியாட்டமான பழைய நடனப்பாட்டு நிறுத்தாமல் ஓடிக்கொண்டே, பிரதமர் மார்கரெட் தாட்சரைப் பதவி விலகச் சொல்லும் பாட்டாகிவிடுகிறது. குரல் உயர்வதில்லை. கெஞ்சுவது போலவே கேட்கிறார்கள். நடனமும் நிற்பதில்லை. முன்னோரிடமிருந்து எடுத்ததை என்ன செய்யலாம் என்பதற்கு இந்த நான்கு ஆல்பங்களில் இதைவிட அழகான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

'மிரர் இன் தி பாத்ரூம்' பாட்டில் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் விடாமல் துரத்த, நடுவில் வரும் சாக்ஸபோன் மட்டும் தரையில் கால் படாமல் மிதக்கும். கத்ரி கோபால்நாத் கையில் சாக்ஸபோன் குழைவதைக் கேட்டவர்களுக்கு சாக்ஸாவின் குழைவு உடனே பிடித்துப்போகும். மரபு வேறுதான். ஆனாலும் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிச் சேரும் அந்தப் பொறுமை இரண்டிலும் உண்டு. குறை இல்லாமல் இல்லை. ஆண்டி வில்லியம்ஸ் பாடிப் புகழ்பெற்ற 'கான்ட் கெட் யூஸ்ட் டு லூசிங் யூ' ஆல்பத்தின் ஓட்டத்தைத் தணிக்கிறது, எனக்கு அது தனியாகக் கேட்கப் பிடிக்கும். 'ரஃப் ரைடர்' இன்றைக்குக் குடும்பத்தோடு கேட்கும் பாட்டும் அல்ல.

பேட் மேனர்ஸையும் கேட்கச் சொல்வார்கள். பெரிய உடம்போடு நாக்கை நீட்டி ஆடும் பஸ்டர் பிளட்வெசலின் குழு, மேடையில் பார்க்க வேண்டியது. ஆல்பமாகத் தொடங்குவதற்கு அல்ல. எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் அமெரிக்காவில் எழுந்த மூன்றாம் ஸ்கா அலையில் (ஜமைக்கா முதலாவது, டூ டோன் இரண்டாவது) ஆபரேஷன் ஐவி எனக்கு மிகவும் பிரியமான குழு. ஆனால் அவர்கள் கற்றது பெரும்பாலும் டூ டோனிடமிருந்து. அங்கிருந்து தொடங்கினால் கிங்ஸ்டன் இரண்டு தலைமுறை தள்ளிப் போய்விடும்.

ஆகவே ஒரே ஒரு ஆல்பத்துக்குத்தான் காசு என்றால் தி பீட்டை வாங்குங்கள். 1979இன் இங்கிலாந்து அரசியல் ஒன்றும் தெரியாமலே அதைக் கேட்கலாம், ஜமைக்கா அதற்குள்ளேயே மூச்சு விடுகிறது. ஏற்கெனவே பங்க் கேட்பவர், கோபமும் வாதமும் வேண்டுமென்பவர் மட்டும் ஸ்பெஷல்ஸிடமிருந்து தொடங்கட்டும். அவர்களுக்கு அதுவே சரி. பலரும் ஸ்பெஷல்ஸுக்கு அடுத்ததாக மேட்னஸ் வாங்குகிறார்கள். இரண்டாவது ஆல்பமாக நான் சொல்வது செலக்டர். முடிந்தால் 'ஆன் மை ரேடியோ' சேர்ந்த பிற்காலப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கிய அன்று நேராக ஆல்பத்தைப் போட வேண்டாம். முதலில் பிரின்ஸ் பஸ்டரின் 'ஒயின் அண்ட் கிரைண்ட்' மூலத்தை எங்காவது தேடி ஒருமுறை கேளுங்கள். பிறகு பீட்டின் பதிவை வைத்து, பஸ்டரின் பாட்டு எந்த இடத்தில் மார்கரெட்டின் பெயருக்குள் நுழைகிறது என்று காத்திருங்கள்.